அடைமழைக் காலத்தில் நாய் ஏன் படுத்துவிடுகிறது?

கத்திரி வெயில் கொளுத்தும் சித்திரையிலும் வைகாசியிலும் தோப்புக் காவலை ஒரு நாளும் விடாத நாய், வெயில் தணிந்து காற்றில் குளிர்ச்சி ஏறிய ஐப்பசியில் திடீரென்று தீனியை மறுத்து, எழ மனமின்றி மூலையில் சுருண்டு கிடப்பதை நாய் வளர்ப்போர் பலர் கண்டிருப்பர். வெயில் வீழ்த்தாத விலங்கை இதமான பருவம் எப்படி வீழ்த்துகிறது என்று கேட்டால், "குளிர் பட்டுவிட்டது", "மழையில் நனைந்துவிட்டது" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அந்த விடையில் ஒரு சிறு பகுதி மட்டுமே உண்மை. மீதி உண்மை, மழை ஈரம் நாயின் உடலுக்கு என்ன செய்கிறது என்பதைவிட, அதே ஈரம் நாயைச் சுற்றி வாழும் எலிக்கும் உண்ணிக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருக்கும் என்ன செய்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

இந்தக் கேள்வியை ஆராய ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சேத்தூர் வட்டாரம் பொருத்தமான இடமாகும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பங்கை மலைக்கு அப்பால் கேரளத்தில் பொழிந்துவிட்டு இப்பக்கம் வறண்டு இறங்குவதால், இவ்வூர்களின் கண்மாய்களும் வயல்களும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கின்றன. குளிர் நாடுகளில் மரங்கள் இலை உதிர்க்கும் அதே மாதங்களில் இங்கே வரப்பு மறையத் தண்ணீர் நிற்கிறது. நாய் வளர்ப்பில் நெடுங்கால மரபுள்ள வட்டாரமும் இதுவே. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாயை, 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலையில் பதித்து நாடறியச் செய்தது.

முதலில் குளிரைப் பற்றிய நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கலாம். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாகை ஃபாரன்ஹீட் ஆகும். மனிதருக்குக் காய்ச்சல் என்று கருதப்படும் அளவு நாய்க்கு நலத்தின் அறிகுறி. இந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ள அது மயிர்ப் போர்வையையும், தோலடிக் கொழுப்பையும், தசை நடுக்கத்தையும் பயன்படுத்துகிறது. நாட்டு நாய்களின் குட்டை மயிர் நனைந்தால், மயிர்களுக்கு இடையே வெப்பத்தைத் தேக்கிவைத்த காற்று வெளியேறி, ஈரம் உலரும்போது உடல் வெப்பத்தையும் கொண்டுபோகிறது என்பது மெய்யே. ஆயினும் மலையடிவாரச் சமவெளியின் மழைக்கால இரவுகள் நல்ல தீனி உண்ட, வளர்ந்த நாயின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. குளிர் உண்மையாகவே ஆபத்தாவது பிறந்த குட்டிகளுக்கும், முதிர்ந்த அல்லது மெலிந்த நாய்களுக்குமே. பிறந்த முதல் சில நாட்களில் குட்டிக்கு நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறன் இல்லை. ஏறத்தாழ நான்கு வாரங்கள் வரை அது தாயின் உடற்சூட்டையும் உலர்ந்த படுக்கையையும் சார்ந்தே உயிர் தரிக்கிறது. ஆகவே ஐப்பசியில் ஈன்ற நாய்க்குத் தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகையும், நாள்தோறும் மாற்றப்படும் உலர்ந்த சாக்கும் தேவை. வளர்ந்த நாய் காய்ச்சலுடன் படுத்துவிட்டால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அவ்வாறு தேட வேண்டிய காரணங்களுள் முதலாவது, எலிக்காய்ச்சல் என்று தமிழில் வழங்கும் நோய். இதை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியம் மிக மெல்லிய சுருள் வடிவமுடையது. இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் ஒரு கூறுக்குச் சமம். இவ்வளவு மெல்லிய உயிர் வழக்கமான நுண்ணோக்கியின் ஒளியில் தென்படாது என்பதால், பின்னணியை இருட்டாக்கி, பக்கவாட்டு ஒளியில் பொருளை மட்டும் மின்னச் செய்யும் இருட்புல நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதில் ஒரு துளி நீரை வைத்தால், முனை கொக்கியாய் வளைந்த வெள்ளி இழைகள் தம் அச்சில் விடாமல் சுழன்று, முன்னும் பின்னும் துருவிச் செல்வது தெரியும். இந்தத் துருவும் அசைவே தோலின் சிறு கீறல் வழியாகவும், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்படலம் வழியாகவும் உடலுக்குள் புக அதற்கு உதவுகிறது.

நாயின் உடலுக்குள் வரும்முன் இந்த நுண்ணுயிர் பெரும்பாலும் எலியின் அல்லது பெருச்சாளியின் சிறுநீரகத்தில் வாழ்கிறது. சிறுநீரகத்தில் சிறுநீரை வடிக்கும் நுண்குழல்களின் உட்சுவரில் அது ஒட்டிக்கொண்டு பெருகினாலும், எலி நோயுறுவதில்லை. நோய்க்கிருமியைச் சுமந்தும் நோயின்றி வாழும் இத்தகைய விலங்கை நோய்தாங்கி என்று சொல்லலாம். எலி ஓடும் வழியெங்கும் சிறுநீருடன் நுண்ணுயிரும் சிந்துகிறது. கோடையில் காய்ந்த தரையில் சிந்தியது உலர்ந்து விரைவில் மடிகிறது, ஏனெனில் லெப்டோஸ்பைராவால் வறட்சியைத் தாங்க முடியாது. அமிலமோ காரமோ மிகாத ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் அது வாரக்கணக்கிலும், சூழல் வாய்த்தால் மாதக்கணக்கிலும் உயிருடன் இருக்கும். அது செழிப்பதற்கு ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 28 முதல் 30 பாகை செல்சியஸ். தமிழகத்தின் மழைக்காலப் பகல்கள் பெரும்பாலும் இந்த வெப்பத்தை ஒட்டியே அமைகின்றன.

ஐப்பசி மழை இந்தச் சங்கிலியின் கண்ணிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இணைத்துவிடுகிறது. வரப்பு வளைகளில் தண்ணீர் புகுவதால் வயல் எலிகள் மேட்டு நிலத்துக்கும், மாட்டுத் தொழுவத்துக்கும், தவிடும் தீவனமும் வைத்திருக்கும் கொட்டகைக்கும் இடம் பெயர்கின்றன. மண் துகள்களுடன் ஒட்டிக் கிடந்த நுண்ணுயிர் வெள்ளத்தில் கரைந்து பள்ளங்களில் சேர்கிறது. அந்தப் பள்ளத்து நீரை நாய் குடிக்கிறது. அதில் நீண்ட நேரம் நடந்து ஊறி மென்மையான பாதத் தோலும் கிருமிக்கு வழிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், சில நேரங்களில் இரண்டு வாரம் கழித்து, காய்ச்சல் தொடங்குகிறது. முதலில் இரத்தத்தில் பரவும் நுண்ணுயிர் பின்னர் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்குவதால், தசைவலியால் எழத் தயங்குதல், வாந்தி, மிகுதியாகத் தண்ணீர் குடித்து மிகுதியாகச் சிறுநீர் கழித்தல், பிறகு சிறுநீர் குறைந்து நின்றுபோதல், கண்வெள்ளையும் ஈறும் மஞ்சளித்தல் ஆகிய அறிகுறிகள் தோன்றுகின்றன. குளிர் பட்டதாக எண்ணப்படும் சோர்வு பல வேளைகளில் இந்நோயின் முதல் நாளாக இருக்கக்கூடும்.

எலியும் ஈரமும் காய்ச்சலும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டவை என்ற அறிவு ஒரே நாளில் கிடைக்கவில்லை. 1886-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல், காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் ஒன்றாக வரும் ஒரு மனித நோயைத் தனி நோயாக வரையறுத்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1907-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்டிம்சன், மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவுக்கு வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தபோது, கேள்விக்குறியின் வடிவில் வளைந்த சுருள் உயிர்களைக் கண்டார். அந்த வடிவமே இன்றும் இவ்வுயிரின் அறிவியல் பெயரில் நிலைத்திருக்கிறது. 1915-இல் ஜப்பானின் கியூஷு தீவில் இனாடாவும் இடோவும், காமாலைக் காய்ச்சல் கண்ட சுரங்கத் தொழிலாளரின் இரத்தத்தைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, அவை அதே நோயால் இறப்பதையும், அவற்றின் உடலில் சுருள் நுண்ணுயிர் இருப்பதையும் காட்டினர். அதே ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்களும், முதல் உலகப் போரின் அகழிகளில் நோயுற்ற வீரர்களிடமிருந்து இதே முடிவை எட்டினர். நீர் கசியும் சுரங்கம், சேறு நிறைந்த அகழி ஆகிய இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை ஈரமும் எலியும் ஆகும். அடுத்த சில ஆண்டுகளில் எலியின் சிறுநீரகத்திலேயே நுண்ணுயிர் கண்டறியப்பட்டபோது சங்கிலி முழுமை பெற்றது.

இதன் தமிழகச் சான்று மதுரையிலேயே கிடைத்தது. 1993-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மதுரைப் பகுதியில் கனமழையும் வெள்ளமும் ஏற்பட்டதைத் தொடர்ந்து, 1994-இல் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் உட்படல அழற்சியுடன் வழக்கத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் நோயாளிகள் வந்தனர். மருத்துவர்கள் அவர்களின் இரத்தத்தில் லெப்டோஸ்பைராவுக்கு எதிரான எதிர்ப்பொருளையும், கண்ணின் முன்னறை நீரில் அந்த நுண்ணுயிரின் மரபுப் பொருளையும் கண்டறிந்து, வெள்ளத்துக்கும் கண்நோய்க்கும் உள்ள தொடர்பை உலக மருத்துவ இதழ்களில் வெளியிட்டனர். எலிக்காய்ச்சல் நாய்க்கு மட்டும் உரிய நோயன்று, கிருமியால் மாசுபட்ட ஒரே நீரில் இறங்கும் மாட்டுக்கும் நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான நோய் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்கியது.

படுத்திருக்கும் நாய்க்கு வந்திருப்பது இந்நோய்தான் என்று ஆய்வகம் எப்படி உறுதி செய்கிறது என்பதையும் அறிவது நல்லது. அணுக்களும் உறைபொருளும் நீக்கப்பட்ட இரத்தத்தின் தெளிந்த பகுதி ஊனீர் எனப்படும். அதில் நோயை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் மிதக்கின்றன. உயிருள்ள லெப்டோஸ்பைராவுடன் ஊனீரைக் கலந்தால், எதிர்ப்பொருள் இருக்குமாயின் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று பிணைந்து திரள்கின்றன. ஊனீரைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், எந்த அளவு வரை திரள்தல் நிகழ்கிறது என்று இருட்புல நுண்ணோக்கியில் பார்ப்பதே நுண்திரள் சோதனை. ஒரே ஒரு முறை செய்த சோதனை ஐயம் தீர்ப்பதில்லை, ஏனெனில் முன்பு போட்ட தடுப்பூசியாலோ, எப்போதோ வந்துபோன தொற்றாலோ எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கலாம். கண்மாய்க்குப் புதுநீர் வருகிறதா என்று அறிய விரும்புபவர் மதகுக் கல்லில் நீர்மட்டத்தை ஒரு நாள் மட்டும் பார்த்தால் பழைய நீரையும் புதிய நீரையும் பிரித்தறிய முடியாது, சில நாள் கழித்து மீண்டும் பார்த்து மட்டம் ஏறியிருந்தால்தான் வரத்து உண்டு என்று துணியலாம். அதுபோலவே மருத்துவர் இரண்டு வார அளவு இடைவெளியில் இரு முறை இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் நோய் புதிது என்று முடிவு செய்கிறார். அதுவரை சிகிச்சை காத்திருப்பதில்லை. டாக்சிசைக்ளின், பெனிசிலின் வகை மருந்துகள் இந்த நுண்ணுயிரைக் கட்டுப்படுத்துவதால், ஐயம் எழுந்ததுமே கால்நடை மருத்துவர் அவற்றைத் தொடங்கிவிடுவார்.

தடுப்பது இதைவிட எளிது, ஆயினும் அதற்குக் காலக் கணக்கு உண்டு. லெப்டோஸ்பைராவில் மேற்பரப்பு வேறுபாட்டால் பிரிக்கப்பட்ட 250-க்கும் மேற்பட்ட உள்வகைகள் இருக்கின்றன. தடுப்பூசி அவற்றுள் நாய்களைப் பெரிதும் தாக்கும் சில வகைகளுக்கு எதிராகவே பயிற்சி தருகிறது, அதன் காப்பும் ஏறத்தாழ ஓராண்டே நீடிக்கிறது. முதன்முறை போடும் நாய்க்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரு தவணைகள் தேவைப்படுவதால், ஆவணியில் தொடங்கினால்தான் ஐப்பசி மழைக்குமுன் காப்பு நிறைவடையும். தடுப்பூசிக்கு அப்பால், சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணியை அறுப்பதும் பயன் தரும்: தேங்கிய பள்ளத்தை மண்ணிட்டு நிரப்புதல், நாய்க்கு நாள்தோறும் நல்ல நீர் வைத்தல், தின்று மீந்த தீனியை இரவில் திறந்து வைக்காதிருத்தல், தவிட்டையும் புண்ணாக்கையும் மூடியுள்ள டிரம்மில் காத்தல், மழையில் அலைந்து வந்த நாயின் பாதங்களைக் கழுவித் துடைத்தல் ஆகியன. நோயிலிருந்து தேறிய நாயின் சிறுநீரிலும் சில காலம் கிருமி வெளியேறக் கூடுமாதலால், அது சிறுநீர் கழித்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவ வேண்டும். கழுவுபவர் கையுறையும் காலணியும் அணிய வேண்டும்.

ஈரத்தால் வலுப்பெறும் இரண்டாவது பகை உண்ணி. மழைக்குப்பின் முளைக்கும் புல்லில் சில வகை உண்ணிகள் காத்திருக்கின்றன. நாய்களை நாடும் பழுப்பு உண்ணியோ வீட்டையே இருப்பிடமாக்கிக்கொள்கிறது. இரத்தம் குடித்து ஊதிச் சாம்பல் நிறப் பட்டாணி அளவாகிவிட்ட பெண் உண்ணி, நாயின் உடலிலிருந்து உதிர்ந்து, சுவரில் ஏறி, காரை பெயர்ந்த வெடிப்பிலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு இறக்கிறது. ஆகவே நாயின் மேனியில் தெரியும் உண்ணிகளை அகற்றிச் சுவரை விட்டுவிட்டால், சில வாரங்களில் அடுத்த தலைமுறை நாயைத் தேடி இறங்கும்.

உண்ணி குடிக்கும் இரத்தத்தைவிட அது விட்டுச்செல்லும் ஒட்டுண்ணிகளே கொடியவை. அவற்றுள் ஒன்றின் வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1910-ஆம் ஆண்டு பேட்டன் என்ற ஆய்வாளர், மெட்ராஸ் வேட்டைக் குழுவின் நாய்களுடைய இரத்தத்தைப் பரிசோதித்தபோது, சிவப்பணுக்களுக்குள் குடியேறி அவற்றைச் சிதைக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டு, பின்னர் அதையே நரியின் இரத்தத்திலும் கண்டறிந்தார். பபீசியா கிப்சோனி என்ற பெயரில் இன்று உலகின் பல நாடுகளில் அறியப்படும் அது, முதன்முதலில் விவரிக்கப்பட்டது தமிழ் மண்ணின் நாய்களிடமிருந்தே. சிவப்பணுக்கள் உடைவதால் ஈறு வெளிறுகிறது, சிறுநீர் செம்பழுப்பாகிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. சிகிச்சைக்குப் பின்னும் ஒட்டுண்ணி முற்றிலும் நீங்காமல் சில நாய்களின் உடலில் தங்கிவிடுகிறது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற வேறொரு நுண்ணுயிர் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்து, மூக்கில் இரத்தம் வடியச் செய்கிறது. உண்ணி கடித்து ஒட்டிக்கொண்ட பின்னரே, சிறிது நேரம் கழித்து, இவை நாயின் உடலுக்குள் கடத்தப்படுவதால், நாள்தோறும் மாலையில் காதின் உட்புறம், கழுத்து, அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து உண்ணியை அகற்றுவது நோய் வாய்ப்பைக் குறைக்கும். வெண்ணிற நாயின் மேனியில் உண்ணியைக் காண்பதும் எளிது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்குவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் தீங்கு. உண்ணி மருந்தின் வகையையும் அளவையும் நாயின் எடை பார்த்து மருத்துவரே குறிக்க வேண்டும், நாய்க்குரிய மருந்தை வீட்டுப் பூனைக்குத் தடவுதல் கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரையே பறிக்கும்.

இதே பருவத்தில் வரும் தீபாவளி, ஈரத்தோடு தொடர்பில்லாத ஒரு துன்பத்தையும் கொண்டுவருகிறது. நாட்டின் பட்டாசுத் தொழிலின் மையமான சிவகாசியும் ராஜபாளையமும் ஒரே விருதுநகர் மாவட்டத்தில் இருப்பதால், வெடிச்சத்தம் இங்கே சில நாட்களுக்கு நீடிக்கிறது. வெடி வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்பது இந்திய விதி. டெசிபல் அளவு பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதால், அனுமதிக்கப்பட்ட அளவே மிகப் பெரிது. மனிதர் நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்க, நாய் ஏறத்தாழ 45,000 வரை கேட்கிறது. எப்போது எங்கிருந்து வரும் என்று ஊகிக்க முடியாத ஓசை நாயை நடுங்கச் செய்து, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட வைக்கிறது. அன்று மாலை முன்கூட்டியே தீனி தந்து, வெளியே அழைத்துச் சென்று வந்து, சன்னல் சாத்திய உள்ளறையில் விடுவதும், பழகிய ஒருவர் அருகிலிருந்து தட்டிக்கொடுப்பதும் போதிய ஆறுதல் தரும்.

வெள்ளை நாய்களில் சில இந்தச் சத்தத்துக்கு அசையாமல் இருப்பதைத் துணிவு என்று எண்ணிவிடக் கூடாது. தோலுக்கு நிறம் தரும் நிறமி அணுக்கள் உட்செவியிலும் இருந்து, ஒலியை உணரும் அணுக்கள் நனைந்திருக்கும் நீரின் உப்புச் சமநிலையைக் காக்கின்றன. மேனி முழுதும் வெண்மையாகும் மரபுக்கூறு சில குட்டிகளில் இந்த அணுக்கள் செவியை எட்டாமல் செய்துவிடும்போது, பிறந்த சில வாரங்களிலேயே செவியின் அப்பகுதி சிதைந்து, ஒரு காதோ இரு காதுகளுமோ கேளாமல் போகின்றன. ராஜபாளையம் இனத்தில் காணப்படும் பிறவிச் செவிடு இத்தன்மையது. ஒரு காது மட்டும் கேளாத நாயால் ஓசையைக் கேட்க முடிந்தாலும் அது வரும் திசையை அறிய முடியாது. கார்த்திகையின் சீக்கிரம் இருட்டும் மாலைகளில் தென்காசிச் சாலையில் வரும் வாகனத்திலிருந்து அதனால் விலக இயலாது. தூங்கும் குட்டியின் பின்னாலிருந்து, அது காற்றசைவையோ தரையதிர்வையோ உணராத தொலைவில், ஓசை எழுப்பிப் பார்த்தால் இரு காதும் கேளாமை ஓரளவு தெரியவரும். ஒரு காதின் குறையை மூளைத்தண்டின் மின்னசைவைப் பதிவு செய்யும் சோதனையே காட்டும். அத்தகைய நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமல், சாலையோரத்தில் அவிழ்த்து விடாமல், கைச்சைகைக்குப் பழக்கி வளர்ப்பது வளர்ப்போரின் கடமை.

இவை அனைத்திலிருந்தும் பெறப்படும் நடைமுறை மிகச் சுருக்கமானது. ஆவணியில் தடுப்பூசியைத் தொடங்கி, புரட்டாசிக்குள் கொட்டிலின் சுவர் வெடிப்புகளைப் பூசி, தீவனத்தை எலிக்கு எட்டாமல் அடைத்து, படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டால், ஐப்பசி அடைமழையின் ஆபத்துகளில் பெரும்பகுதி வாசலிலேயே தடுக்கப்படும். அதையும் மீறி நாய் ஒரு நாள் தீனி மறுத்துக் காய்ச்சலுடன் படுத்தால், குளிர் என்று விட்டுவிடவோ, மனிதருக்கான பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்கவோ கூடாது. அவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஈறின் நிறத்தையும் சிறுநீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு, அன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் செயலிழக்கும் முன் தொடங்கும் சிகிச்சையே உயிரைக் காக்கிறது. நோய் தொடங்கிய அந்த முதல் நாட்கள் வளர்ப்பவரின் கையில்தான் இருக்கின்றன.